வினைல் தரையில் கீறல்: விடுவதா, நிரப்புவதா, பலகையையே மாற்றுவதா?

பிளாஸ்டிக்கால் ஆன, பலகைகளாகவோ சுருளாகவோ வருகிற வினைல் தரையில் கீறல் விழுந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது, எதையாவது எடுத்துத் தேய்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்தவரை கீறலால் கெட்ட தரையை விட, அந்தக் கீறலைச் சரிசெய்யப் போய்க் கெட்ட தரைகள்தான் அதிகம்.

மரத்தரை என்றால் இழைத்து மறுபடி மெருகேற்றலாம். கல் தரை என்றால் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிடலாம். வினைலில் அந்த வசதி கிடையாது. நீங்கள் பார்க்கிற மரக்கோடும் கல்லின் புள்ளிகளும் உண்மையில் அச்சிட்ட ஒரு படம். அதன்மேல் நிறமில்லாத ஒரு பிவிசி படலம், அதற்கும் மேல் மெல்லிய யூரித்தேன் பூச்சு, அந்தப் படத்துக்கு இருக்கிற காவல் இவ்வளவுதான். வீட்டுக்கு வாங்குகிற வினைலில் அந்தக் காவல் படலம் (கடையில் ‘வேர் லேயர்’ என்பார்கள்) பெரும்பாலும் 0.15 மில்லிமீட்டரிலிருந்து 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கடைகளில் இதை ‘மில்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, எனவே 12 மில் என்றால் சுமார் 0.3 மில்லிமீட்டர், 20 மில் என்றால் சுமார் 0.5. இவ்வளவு மெல்லிய ஒன்றைத் தேய்த்துச் சமன்செய்ய நினைத்தால், கீறல் மறைவதற்கு முன்னால் படலமே போய்விடும், போனால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

அதனால் என் கணக்கு இதுதான்: கீறல் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், அந்த ஆழத்துக்குப் போதுமான வழிகளில் எது மிகச் சின்னதோ அதை மட்டும் செய்யுங்கள்.

ஆழத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் மேல்பூச்சோடு நின்றுவிட்டது. நகம் தட்டுகிறது, ஆனால் உள்ளே படம் முழுசாகத் தெரிகிறது, வெள்ளையாக ஒரு கோடு மட்டும் இருக்கிறது என்றால் காவல் படலத்துக்குள் இறங்கியிருக்கிறது. படம் அறுந்து உள்ளே வேறு நிறம், சாம்பலோ கறுப்போ வெள்ளையோ தெரிந்தால் அச்சு அடுக்கே போய்விட்டது. அப்புறம் இன்னொரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது: வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கோடு கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியக் காரணம், கீறலின் சொரசொரப்பான விளிம்புகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பியதும் சிதறல் குறைந்து கோடு மறைந்தால், பாலிஷும் அதே வேலையைச் செய்யும், ஆனால் தண்ணீர் போலக் காய்ந்து போகாமல் அங்கேயே தங்கும். தண்ணீர் விட்டும் கோடு அப்படியே தெரிகிறதா, பாலிஷுக்குச் செலவு செய்யாதீர்கள்.

இதற்கும் முன்னால், அது கீறல்தானா என்பதையே உறுதி செய்துகொள்ள வேண்டும். செருப்பு, ஷூ அடிப்பாகத்தின் ரப்பர் உரசி விட்டுப்போன கறுப்புக் கோடுகளைக் கீறல் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அது தரைக்கு மேல் ஒட்டியிருக்கிற ரப்பர், தரைக்குள் போகவே இல்லை. பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தாலே பாதிக்கு மேல் வந்துவிடும். வராவிட்டால் துணியில் கொஞ்சமாக மினரல் டர்பன்டைன் நனைத்துத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், எதையும் முதலில் ஒரு மூலையில் பரிசோதித்த பிறகுதான். வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் நன்றாக வேலை செய்யும், ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள் என்பதை மறக்கக் கூடாது, அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மங்கலாகி நிற்கும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், அது கறையோடு சேர்த்துத் தரையையும் கரைக்கும்.

விட்டுவிடுவதும் ஒரு வழிதான்

சரி, உண்மையான கீறல்தான், ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் மட்டுமே தெரிகிறது என்றால் நான் எதுவும் செய்யமாட்டேன். சோம்பேறித்தனத்தால் சொல்லவில்லை. மேல்பூச்சில் விழுந்த மெல்லிய கீறல் கண்ணாடி விரிசல் போலப் பரவாது, வழியே தண்ணீர் இறங்கவும் இறங்காது. மங்கலான, மேடுபள்ளம் உள்ள பரப்பில் இப்படிப்பட்ட கோடுகள் மற்ற தேய்மானத்தோடு கலந்து கண்ணிலிருந்து தானே மறைந்துவிடும். ஆனால் பளபளப்பான கறுப்புத் தரையில் அப்படிக் கலக்காது, அங்கே ஒற்றைக் கோடு கூடத் துருத்திக்கொண்டு நிற்கும்.

விட்டுவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. சுருளாக வருகிற ஷீட் வினைலில், கத்தி விழுந்தது போல அடிவரை அறுந்த கீறல். அந்தப் பிளவு வழியாகத் துடைக்கிற தண்ணீர் உள்ளே இறங்கிப் பசையை இளக்கும், விளிம்பு மேலே சுருண்டு எழும், எழுந்த விளிம்பில் கால் தட்டி இன்னும் கிழியும். சமையலறையிலும் குளியலறை வாசலிலும் இது நடந்தால் அன்றைக்கே மூடிவிட வேண்டும். இதற்கென்றே சீம் சீலர் என்ற திரவம் கிடைக்கிறது, இரண்டு ஷீட்கள் சேரும் இணைப்பை ஒட்டப் பயன்படுத்துவது. பிளவின் இரு விளிம்பையும் சேர்த்து அழுத்தி, ஒரு மெல்லிய கோடாக விட்டால் போதும்.

பாலிஷ்

தண்ணீர்ச் சோதனையில் தேறிய கீறல்களுக்கு வினைலுக்கான அக்ரிலிக் பாலிஷ் சரியான வழி. நன்றாகச் சுத்தம் செய்த தரையில் மெல்லிசாக ஒரு கோட், அது காய்ந்ததும் குறுக்காக இன்னொரு கோட். கீறல் இருக்கிற இடத்தில் மட்டும் பூசினால் அந்த இடம் தனியாக மின்னும், எனவே குறைந்தது ஒரு முழுப் பலகை, முடிந்தால் அறை முழுவதும் பூச வேண்டும். தொல்லையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாலிஷ் தேயும், மறுபடி பூச வேண்டும், பழையதை எடுக்காமல் மேலே மேலே பூசிக்கொண்டே போனால் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு மஞ்சளாகும், அப்புறம் அதை உரிக்க அம்மோனியா கலந்த ஸ்ட்ரிப்பர் தேவைப்படும். பாலிஷ் போட ஆரம்பிப்பது ஒரு நாள் வேலை, அதைப் பராமரிப்பது அந்தத் தரை இருக்கிற வரைக்கும். இரண்டு மூன்று கோடுகளுக்காக நான் இதில் இறங்க மாட்டேன். நடைபாதை முழுவதும் மங்கிப்போய், ஒவ்வொரு பலகையிலும் நுண்கீறல்கள் நிறைந்திருந்தால் மட்டுமே இந்தச் சுமை தகும். மங்கலாகவே தயாரிக்கப்பட்ட தரையில் பாலிஷ் போட்டால் அதன் தோற்றமே மாறிவிடும், சில தயாரிப்பாளர்கள் வேண்டவே வேண்டாம் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள், தரையோடு வந்த குறிப்பைத் தேடிப் படித்துவிடுங்கள்.

மரச்சாமானுக்குப் போடும் பேஸ்ட் வாக்ஸ் இதற்கு மாற்று இல்லை. யூரித்தேன் பூச்சின் மேல் அது சரியாகப் பிடிக்காது, வழுக்கும். எண்ணெய் தடவினால் கீறல் மறைகிறது என்று சொல்வதும் இதே கதைதான். மறைவது உண்மை, தண்ணீர் மறைத்த அதே காரணத்தால். அப்புறம் தூசியெல்லாம் அங்கே ஒட்டும், நடக்கிறவர் வழுக்கி விழுவார். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதை யோசிக்கவே கூடாது.

நிரப்புவது

நகம் நன்றாகத் தட்டுகிற ஆழமான கோட்டுக்கும், சின்னதாகப் பெயர்ந்த குழிக்கும் நிரப்புதல்தான். இதில் மூன்று வகைப் பொருள் கிடைக்கிறது, மூன்றுக்கும் நடுவே வித்தியாசம் பெரிது. மென்மெழுகுக் குச்சி கையால் அழுத்தினாலே பள்ளத்தில் இறங்கும், ஒரு நிமிட வேலை, ஆனால் கால் படும் இடத்தில் சீக்கிரம் கரைந்து அழுக்கைப் பிடித்துக் கறுத்துவிடும். சுவரோரத்துக்கும் சோபாவின் கீழுக்கும் போதும். கடினமெழுகை பேட்டரியில் ஓடும் சின்ன உருக்கியால் உருக்கி ஊற்ற வேண்டும், கொஞ்சம் நேரமும் பொறுமையும் வேண்டும், பதிலுக்கு நடைபாதையிலும் நின்று தாங்கும். மூன்றாவது, நிறம் கலந்த அக்ரிலிக் ஃபில்லர், பட்டி போல வழித்து விடுவது. இது காய்ந்ததும் கொஞ்சம் சுருங்கும், அதனால் இரண்டு முறை போட வேண்டியிருக்கும்.

நடக்கிற இடத்துக்கு நான் எடுப்பது கடினமெழுகைத்தான். ஒரே நிறத்தை ஊற்றினால் ஒட்டுப்போட்டது தெரியும், எனவே பலகையில் இருக்கிற மிக வெளிர் நிறத்தை முதலில் ஊற்றி, அதன்மேல் அடர்நிறத்தில் மெல்லிய கோடுகளாக மரக்கோட்டைத் தொடர்ந்து விடுங்கள். மேலே துருத்துவதை பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சமன் செய்யுங்கள். இரும்புத் தகடு பக்கத்தில் இருக்கிற நல்ல பரப்பையும் கீறிவிடும். வெயில் நேராக அடிக்கும் ஜன்னலோரத்தில் மெழுகு இளகும் என்பதால் அங்கே மட்டும் ஃபில்லர் பரவாயில்லை.

டச்-அப் மார்க்கர் பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சு அறுந்து உள்நிறம் தெரிகிற கோட்டுக்கு மட்டும்தான் அது உதவும். காவல் படலத்துக்குள் நின்ற வெள்ளைக் கோட்டின் மேல் அதைத் தீட்டினால் வெள்ளைக் கோடு பழுப்புக் கோடாகும், அவ்வளவுதான் நடக்கும். நிறமற்ற நகப்பூச்சை ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. சின்னப் புள்ளிக் குழிக்கு அது வேலை செய்யலாம், நீளமான கோட்டில் ஒரு பளபளக்கும் புழு ஊர்ந்த மாதிரி நிற்கும். அதிலுள்ள கரைப்பானும் வினைலுக்கு நல்லதில்லை.

சூடு காட்டுவதையும் உப்புத்தாளையும் ஒரே பேச்சில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இரண்டுமே கீறலுக்கு வேண்டாம். மேஜைக் கால் அழுத்தி உண்டான குழிவு என்றால் ஹேர் டிரையரின் மிதமான சூடு கொஞ்சம் உதவும், பிவிசி சூட்டில் இளகித் தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். கீறலில் பொருளே போய்விட்டிருக்கிறது, அதைச் சூடு திருப்பித் தராது, ஹீட் கன்னைக் கிட்டே காட்டினால் பலகை நெளிந்து இணைப்பு திறந்துவிடும். உப்புத்தாள் காவல் படலத்தையும் பரப்பின் மேடுபள்ளத்தையும் சேர்த்து அழிக்கும். அதை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: 1980களுக்கு முன் போட்ட பழைய வினைல் ஓடுகளிலும், ஷீட்டின் அடிப்பக்கத்திலும், கீழே இருக்கிற கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அப்படிப்பட்ட பழைய தரை உங்கள் வீட்டில் இருந்தால் தேய்க்காதீர்கள், பெயர்க்காதீர்கள், பரிசோதித்துத் தெரிந்துகொள்கிற வரை உடையாமல் அப்படியே விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு.

மாற்றுவது

படம் அறுந்து போய், அதுவும் வாசலுக்கு நேராகக் கண்ணில் படும் இடத்தில் இருந்தால், நிரப்புவதை விட அந்தப் பலகையை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. நிரப்பியதை எப்படிச் செய்தாலும் வீட்டுக்காரருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு கஷ்டம் என்பது தரை எப்படிப் போடப்பட்டது என்பதைப் பொறுத்தது.

பசை போட்டு ஒட்டிய பலகைதான் இருப்பதிலேயே சுலபம். அந்த ஒன்றை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து தூக்கி எடுத்து, கீழே பழைய பசையைச் சுரண்டிச் சமன்செய்து, புதியதை ஒட்டி மேலே பாரம் வைத்துவிடலாம். கிளிக் முறையில், அதாவது விளிம்பிலுள்ள பூட்டுகளை ஒன்றோடொன்று மாட்டிக் கோத்த பலகை சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் ஓரப்பட்டியைக் கழற்றி, வரிசையாகப் பிரித்து, மாற்றிவிட்டு மறுபடி கோக்கலாம். அறையின் நடுவில் இருந்தால் பாதி அறையைப் பிரிக்க வேண்டும், அல்லது அந்தப் பலகையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, புதிய பலகையின் பூட்டு நாக்கைச் சீவி, பசையால் ஒட்டி உட்காரவைக்க வேண்டும். கை பழகாதவர்கள் இந்த இரண்டாவது வேலையைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது, பக்கத்துப் பலகைகளின் பூட்டு உடைந்தால் ஒன்று நான்காகும்.

ஷீட் வினைலுக்கு வழி வேறு. மிச்சத் துண்டைக் கெட்ட இடத்தின் மேல் வைத்து, டிசைன் ஒன்றோடொன்று பொருந்தும்படி நகர்த்தி, டேப் ஒட்டி அசையாமல் நிறுத்தி, புதிய பிளேடு போட்ட கட்டரால் இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். அப்போதுதான் ஒட்டுப்போடும் துண்டும் தரையிலுள்ள துளையும் ஒரே அளவாக வரும். ஓடு மாதிரி டிசைன் என்றால் ஓட்டின் கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டினால் இணைப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். பசை, சீம் சீலர், ஒரு இரவு முழுக்கப் பாரம், முடிந்தது.

மிச்சத் துண்டு இல்லையா? புதிதாக வாங்கி வந்தால் அதே மாடலிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறும், பழைய தரை வெயிலில் வெளுத்தும் இருக்கும். அலமாரியின் உள்ளே, ஃப்ரிட்ஜுக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால் போட்டிருக்கிற அதே தரையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளியே போட்டு, அந்த மறைவிடத்தில் புதியதைப் போடுங்கள். இதை விட நல்ல பொருத்தம் கிடைக்காது.

கீறல் வராமல்

தடுப்புக்குச் செலவு செய்யப்போகிறீர்கள் என்றால் முதல் பணம் வாசலுக்குப் போகட்டும். நாற்காலிக் கால்களைத்தான் எல்லோரும் முதலில் குற்றம் சொல்கிறார்கள், ஆனால் தினமும் கீறிக்கொண்டே இருப்பது காலோடு உள்ளே வரும் மணல். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 7, சாதாரண எஃகுக் கத்தியே 5.5 பக்கம்தான். பிவிசி அதன் முன்னால் எம்மாத்திரம். நாற்காலியின் கீழே அந்த மணல் ஒரு துகள் இருந்தால் போதும், நாற்காலி அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கோடு போடும்.

வெளியே சொரசொரப்பான மிதியடி ஒன்று, உள்ளே துணி போன்ற மென்மையான மிதியடி ஒன்று, உள்ளே இருப்பது இரண்டு மூன்று எட்டு வைக்கிற நீளம் இருக்க வேண்டும். ஒரே எட்டில் தாண்டிவிடும் குட்டி மிதியடி அழகுக்கு மட்டுமே. ஆனால் வினைலின் மேல் ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி வேண்டாம், வழுக்காது என்று ஆசைப்பட்டு நிறையப் பேர் வாங்குவது அதைத்தான். ரப்பரிலுள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு கறையை உண்டாக்கும், அது மேலே ஒட்டியது இல்லை என்பதால் எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. அடிப்பக்கம் நெய்த துணியாக இருக்கட்டும், அல்லது வினைலுக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது துடைக்கிற முறை. மணலைப் பெருக்காமல் ஈர மாப்பைப் போட்டால் மணலை அறை முழுவதும் இழுத்துத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். முதலில் மென்மையான துடைப்பம் அல்லது மைக்ரோஃபைபர் மாப், பிறகு ஈரம். வாக்யூம் கிளீனர் என்றால் சுழலும் பிரஷை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். தேய்க்கும் பவுடரும் கம்பி நாரும் இந்தத் தரைக்குக் கிடையாது.

நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டும், அழுத்திய கம்பளம் போன்ற ஃபெல்ட் பட்டையா, பிளாஸ்டிக் குமிழா, ரப்பர் தொப்பியா என்று கேட்டால், ஃபெல்ட். ரப்பர் கறைபடுத்தும், சின்ன பிளாஸ்டிக் குமிழ் மணல் சிக்கினால் கூர்மையாகக் கீறும். ஃபெல்ட்டிலும் மணல் புதையும், அதனால் மாதம் ஒருமுறையாவது நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, கறுத்துக் கெட்டிப்பட்டதை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்ட ஃபெல்ட் இல்லாததை விடக் கெடுதல். தினமும் இழுக்கிற நாற்காலியில் ஒட்டும் பட்டை நழுவிப் பசையை வெளியே காட்டும், அங்கே திருகி மாட்டுகிற வகையை எடுங்கள்.

சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் அதன் சக்கரத்தைக் கவனியுங்கள். முழுக்க ஒரே நிறத்தில் கெட்டியாக இருக்கிற நைலான் சக்கரம் பொதுவாகக் கம்பளத்துக்கானது. வெளிவட்டம் வேறு நிறத்தில் மென்மையான பாலியூரித்தேனாக இருப்பதுதான் கெட்டித் தரைக்கானது. சக்கரங்களை மட்டும் இழுத்துக் கழற்றி மாற்றிவிட முடியும், நாற்காலியை மாற்ற வேண்டியதில்லை.

பெரிய கீறல்கள் பெரும்பாலும் ஒரே ஒரு நாளில் வருகின்றன, ஃப்ரிட்ஜையோ பீரோவையோ நகர்த்துகிற நாளில். தரையை ஒருமுறை பெருக்கி, முன்னால் ஒரு ஹார்ட்போர்டு பலகையை விரித்து, அதன் மேல் நகர்த்துங்கள். ஃப்ரிட்ஜின் அடியில் இருக்கிற சக்கரங்கள் பெரும்பாலும் முன்பின் மட்டுமே உருளும், பக்கவாட்டில் திருப்பினால் உரசிக்கொண்டு போகும். இரண்டு பேர் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் பலகை மாற்றுகிற வேலை மிச்சம்.

இனிமேல்தான் தரை போடப்போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள், கடையில் இதைக் குழப்புவார்கள். 5 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று சொல்லும் மொத்தக் கனம் கீறலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதது, கேட்க வேண்டியது காவல் படலத்தின் கனம். அதிலும் கூட, தடித்த படலம் படத்தைப் பல வருடம் காப்பாற்றுமே தவிர, மேலே கோடு தெரியாமல் செய்யாது. கோடு தெரிவதும் தெரியாததும் மேல்பூச்சையும் பரப்பையும் பொறுத்தது. நடமாட்டம் அதிகமான கூடத்துக்கு 0.5 மில்லிமீட்டர் படலம், மங்கலான மேடுபள்ளப் பரப்பு, நடுத்தர நிறம், இந்த மூன்றும் சேர்ந்ததை எடுங்கள். படுக்கையறைக்கு 0.3 போதும். உத்தரவாத அட்டையில் எழுதியிருக்கிற வருடங்கள் பெரும்பாலும் படலம் தேய்ந்து படம் போவதற்குத்தான், கீறலுக்கு இல்லை, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். அப்படியே வேலை முடிந்த அன்று ஒரு பெட்டி பலகையைக் கேட்டு வாங்கி, மாடல் எண்ணும் தொகுதி எண்ணும் உள்ள லேபிளோடு கட்டிலுக்கு அடியில் நிமிர்த்தாமல் படுக்கவைத்து எடுத்துவையுங்கள்.